இறங்காத கை

பதவியேற்பு அன்று உயர்த்திய வலக்கை அமெரிக்க ஜனாதிபதி எட்வின் மார்ஸ்டனுக்கு அதன்பிறகு இறங்கவே இல்லை. குளிர்காலத்தில் எவரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்ற விடமாட்டேன் என்று, எழுதிக்கொடுத்த உறுதிமொழியில் இல்லாத ஒரு வரியை அவர் தானாகச் சேர்த்துச் சொன்னார். கை அங்கேயே நின்றுவிட்டது. சின்ன வயதில் தாயோடும் ஒரு கட்டிலோடும் கான்சாஸ் பனியில் தெருவில் நின்றவர் அவர். வைத்தியர்கள் தைலம் பூசினார்கள், தையற்காரர் கோட்டை மாற்றி வெட்டினார். ஆஸ்பத்திரிகளையும் பள்ளிக்கூடங்களையும் சீர்திருத்திய சட்டங்களுக்கு அவர் இடக்கையால் கையெழுத்திட்டார், நாடு பழகிக்கொண்டது. நாலாம் வருடம் வீட்டு முதலாளிகளின் ஆட்கள், அந்த வாக்குப்படி அவர் கொண்டுவந்திருந்த குளிர்காலச் சட்டத்தை ஓட்டை ஓட்டையாக்கிக் கொண்டுவந்து நீட்டினார்கள். தேர்தல் நெருங்கியிருந்தது, மனிதர் களைத்திருந்தார். அதற்கும் இடக்கையால் கையெழுத்திட்டார், தேர்தலிலும் தோற்றார். கை மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை.

அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், கேள்வி கேட்கப்போகிறார் என்று பயந்து மைக்கை ஒளித்தார்கள். அலுத்துப்போய் லண்டனுக்கு வந்து, இல்ஃபோர்டில் நகுலேஸ்வரி வாடகைக்கு இருந்த வீட்டின் மேல் அறையில் குடியேறினார். நகுலேஸ்வரி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள், வாய் கொஞ்சம் நீளம். தூக்கிய கையைக் கண்டதுமே ஏதோ கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடன் என்று முடிவுகட்டிவிட்டாள். ஒருவரின் நேர்த்தியைத் தோண்டிக் கேட்பது அழகில்லை என்பதால் வருடக்கணக்காக அவள் கேட்கவில்லை. தேர்த்திருவிழாவுக்குக் கூட்டிப்போனாள். எல்லாக் கைகளும் தலைக்கு மேல் நின்ற அந்தக் கூட்டத்தில் அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னாள் ஜனாதிபதி அன்று சந்தோஷத்தில் அழுதார். பஸ் தரிப்பில் அவர் நின்றால் 86ஆம் இலக்க பஸ் மட்டுமல்ல, போகிற பஸ்ஸெல்லாம் நிற்கும். அதற்கும் தெரு பழகியது. அவர் மெல்ல மெல்லத் தமிழ் பேசவும் பழகினார்.

பிறகு வீட்டுச் சொந்தக்காரன் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னான். நகுலேஸ்வரி போட்ட வழக்கும் தோற்றது. தை மாதத்தில் வெளியேற வேண்டும். அவளுக்குப் போக்கிடம் இல்லை. அன்று சமையலறையில் வைத்து மார்ஸ்டன் தன் கையின் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

“இடக்கையாலயோ கையெழுத்து வைச்சனீங்கள்?” நகுலேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தாள். “ஐயோ அண்ணை, இடக்கையால ஒருத்தருக்கு ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கமாட்டம். நீங்கள் சனத்தின்ர வீட்டையெல்லோ தூக்கிக் குடுத்திருக்கிறியள்!”

அவர் இடக்கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார்.

வீட்டைக் காலிசெய்விக்க நீதிமன்றம் அனுப்பிய பெய்லிஃப் பனி கொட்டும் காலையில் வந்தார். நகுலேஸ்வரி வாசலை மறித்து நின்றாள். சாவி இடக்கையில் இருந்தது. வலக்கையை உயர்த்தி, “இந்தக் குளிருக்க இந்த வீட்டில இருந்து ஒருத்தரும் இறங்கமாட்டினம்” என்றாள். கை அங்கேயே நின்றது. பெய்லிஃப் சாவிக்குக் கை நீட்டினார்.

“சாவி தர மாட்டன் எண்டு நான் சொல்லேல்ல, தம்பி. இடக்கையால தந்தா உங்களுக்கு மரியாதையில்லை. வலக்கை இறங்கட்டும், தாறன்.”

முன்னாள் ஜனாதிபதி மாடிப்படியில் நின்று அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில், பதவியேற்ற அன்றைய குரலில் மொழிபெயர்த்தார். பெய்லிஃப் மத்தியானம் வரை காத்திருந்தார். பிறகு கை இறங்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஒருவரை இடக்கையால் சாவி கொடுக்க வைக்கும் சட்டத்தைச் சொந்தக்காரனின் வக்கீல்கள் இன்னும் தேடுகிறார்கள்.

ஒவ்வொரு தையிலும் பெய்லிஃப் வருகிறார். “இறங்கிவிட்டதா?” என்று கேட்கிறார். “இல்லைத் தம்பி, இருங்கோ” என்கிறாள் நகுலேஸ்வரி. அந்த வீட்டில் இடக்கையால் தேத்தண்ணி கொடுப்பதில்லை. வலக்கை இரண்டும் மேலே நிற்கின்றன. ஆகவே பெய்லிஃப் தானே ஊற்றி, மூன்று பேருக்கும் வைத்துவிட்டு உட்காருகிறார்.