முகத்துக்கு இத்தனை பேரா?

வில்லியனூரில் சைகோன் போய் வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நாலு பிரெஞ்சு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர்கள் அடித்த அலட்டல் கொஞ்சமா நஞ்சமா! அமீர் ஹம்சா ஒருத்தன்தான் பினாங்குக்குப் போய், ஆறு வருஷம் கழித்து இங்கிலீஷோடு வந்து இறங்கினான். அதுவும் என்ன இங்கிலீஷ்? முழுக்க முழுக்க மூஞ்சியைப் பற்றிய இங்கிலீஷ்.

கடைத்தெருவில் அண்ணனின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவன் முகத்துக்கெல்லாம் பேர் வைத்தான். வேட்டி விலையைக் கேட்டுவிட்டு மீன்காரக் கலியன் உம்மென்று நின்றால், "இன்னாபா, லாங் ஃபேஸு? வாடித் தொங்கற மூஞ்சிக்கு அதான் பேரு" என்பான். மனசில் இருப்பது வெளியே தெரியாமல் கல் மாதிரி வைத்துக்கொண்டால் போக்கர் ஃபேஸாம், சீட்டாடுகிறவன் மூஞ்சி. வருகிற சிரிப்பை அடக்கிக்கொண்டால் ஸ்ட்ரெயிட் ஃபேஸாம். ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

அவன் பெண்டாட்டி மெஹர் நிஷாவுக்கோ வயிறு எரிந்தது. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே, சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏங்க, மொறத்துக்கு இங்கிலீசுல இன்னா?"

அமீர் ஹம்சா முழித்தான்.

"அம்மிக்கு?"

"அத்தெல்லாம் யாரு கேட்டா அங்க?"

"சரி, தலகாணிக்கு?"

அதற்கும் உதட்டைப் பிதுக்கினான். தலையணைக்குப் பேர் தெரியவில்லை என்பதில் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல். அது அரைநாள்கூட நிற்கவில்லை. சாயங்காலமே பக்கத்து வீட்டுக் கைருன்னிசா வேலியோரம் வந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னிக்கு ஒன் வூட்டுக்காரரு கடையில புதுசா ஒண்ணு சொன்னாராம்டி. மூஞ்சிக்கு கிஸ்ஸருன்னு ஒரு பேராம். முத்தம் குடுக்கிற எடமாம், அதான் அந்தப் பேராம். எங்க வூட்டுக்காரரு வந்து சொல்லிச் சொல்லி சிரிக்கிறாரு."

பாவி மனுஷி, சொல்லிவிட்டுப் போயேவிட்டாள். மெஹர் நிஷா ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூட்டை தூக்கினேன், கணக்கு எழுதினேன் என்கிறவனுக்கு மூட்டைப் பேச்சும் கணக்குப் பேச்சும்தானே வந்திருக்கணும்? முகத்தைப் பற்றி ஒருத்தன் இத்தனை கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்றால், கிட்டே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி இருந்திருக்கணும். பெருநாள் முடிந்ததும் மறுபடி கப்பலேறப் போகிறேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறான். யாரைப் பார்க்கவாம் இத்தனை அவசரம்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவனிடம் கேட்டே விட்டாள்.

"அவ பேரு இன்னா?"

"எவ பேரு?"

"ஒங்களுக்கு மூஞ்சிப் பாடம் சொல்லிக் குடுத்தவ."

அமீர் ஹம்சாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அட பைத்தியமே! அவரு பொம்பள இல்ல, மீச வச்ச கெழ வெள்ளக்காரரு. போட்டோ புடிக்கிற கடை. நான் பின்னால தெரை புடிச்சிக்கினு நிப்பேன். வர்றவங்கள ஒக்கார வச்சி, லாங் ஃபேஸு வேணாம், ஸ்ட்ரெயிட் ஃபேஸா இருன்னு நாள் முச்சூடும் கத்துவாரு. சிப்பாயிங்க வந்து படம் எடுத்துக்கினு போவாங்க. கிஸ்ஸரு அவங்க பேச்சு. ஊருல கணக்கப்புள்ளன்னு சொல்லிக்கினேன், தெரை புடிச்சேன்னு சொன்னா மானம் போவாதா?"

மெஹர் நிஷாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இதற்காகவா இத்தனை நாள் வெந்து செத்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் ரெண்டு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

"ஆறு வருசமும் அந்தக் கடையிலதான் இருந்தீங்களா?"

"ஆமா."

"அப்ப ஒங்கள ஒரு தபா கூடப் படம் எடுக்கலியா?"

"எடுத்தாரே. நல்ல கோட்டு மாட்டி வுட்டு, ஒரே ஒரு தபா."

"எனக்கு அனுப்பலியே. எங்க அது?"

"அங்கயே கீது."

"கடையிலயா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல. ஒரு வூட்டு சொவத்துல."

யார் வீடு என்று அவள் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அவன் முகம் மறந்துபோய்விடுமோ என்று பயந்து, கண்ணை இறுக மூடி மூடி, மூக்கு இப்படி, புருவம் இப்படி என்று நினைத்து நினைத்துப் பார்த்தவள் அவள். அங்கே இருக்கிறவளுக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. தலையை நிமிர்த்தினால் போதும்.