எதுவீஹெஸ் வீட்டுக் கதவு

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. குவாதலூப்பே மாதாமேல் சத்தியம். மாதா போதாதென்பவர்களுக்கு, வாயில் மிச்சமிருக்கும் பற்கள்மேலும் சத்தியம்.

வென்செ தன் தாளப்பெட்டியின் ரப்பர் பொத்தானை அழுத்தினான். தொம், தொம், தொம். எல்லை தாண்டி வந்த லத்தீனோக்களின் பேட்டையான பாயில் ஹைட்ஸில், அம்மாவின் சமையலறை மேசைமேல் இருந்த சோளரொட்டித் தட்டு அதிர்ந்தது. அவனுக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. பகலில் ஃபிரிட்ஜ் ரிப்பேர், மற்ற நேரமெல்லாம் இந்தப் பொத்தான்கள்தான். அப்பா விட்டுப்போன கும்பியா ஆட்டப்பாட்டு இசைத்தட்டுகளைப் பாதி வேகத்துக்கு இழுத்து, அடியில் தெருச் சத்தத்தைத் தாளமாக வைப்பான். ஐஸ் வண்டி மணி, சலவைக்கடை மிஷினின் உதறல், எதையும் விடமாட்டான். வார்த்தை மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. ஹிப்-ஹாப் என்றால் வாயாடுவது என்று நினைப்பவர்களை அவன் ஆளாகவே மதிப்பதில்லை. "பேசினவன் பேரையெல்லாம் போலீஸ்காரனுங்க எழுதிக்கிட்டுப் போனானுங்க. சத்தத்துக்கு என்ன பேரு எழுதுவான்?" என்பான்.

கீழே ரொட்டிக்கடை இருந்த இடத்தில் மெரிடித் கோல்ப் என்பவள் ஓவியக்கூடம் திறக்கப்போகிறாள். மொத்தக் கட்டடத்தையும் வாங்கியவள். கடையின் பழைய பெயர்ப்பலகையை மட்டும் கழற்றவில்லை, அது அழகாம். ரொட்டி அழகில்லை போலிருக்கிறது. மாடியில் குடியிருக்கும் எதுவீஹெஸ், அதாவது வென்செயின் அம்மா, காலி செய்தாக வேண்டும். ஆனால் திறப்பு விழாவில் மகன் வந்து வாசித்தால் இன்னும் ஒரு வருஷம் விட்டுவைக்கலாம் என்று கோல்ப் மனமிரங்கியிருந்தாள்.

"லத்தீனோ மக்களோட போராட்டம், அதுதான் எனக்கு வேணும்," என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொன்னாள். "ஆனா வார்த்தையே இல்லையே வென்செ? கொஞ்சம் வலி, கொஞ்சம் எல்லை, அழுவுற அம்மா ஒண்ணு. வர்றவங்களுக்குப் புரியணும்ல?"

"புரியும்."

"எப்படி?"

"சத்தமா வைப்பேன்."

அவள் சிரித்தாள். புரியாததற்கெல்லாம் சிரிப்பது பல்வரிசை நன்றாக இருப்பவர்களின் பழக்கம்.

அந்தத் தெருவில் கதவு தட்டுவதற்கு ஒரு முறை உண்டு. விரல் கணுவால் பொலபொலவென்று தட்டினால் சொந்தக்காரன். முஷ்டியால், நிதானமாக, மூன்று தரம் இடித்தால் குடியேற்றப் போலீஸ், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யவைக்கிற ஆள். அதைக் கேட்டால் விளக்கை அணைத்து, ரேடியோவை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட வேண்டும். நடக்கப் பழகுமுன்பே பிள்ளைகள் இதைப் பழகிவிடும். வென்செயின் புதுப் பீட்டுக்குத் தாளம் அந்த முஷ்டிதான். கோல்ப் அனுப்பிய ஆள் இதே கதவை இடித்தபோது, தரையில் அம்மாவோடு பதுங்கியிருந்தபடியே பதிவு செய்தது.

"அதப் போடாதடா," என்றாள் எதுவீஹெஸ். "கேட்டா எனக்கே வெளக்க அணைக்கத் தோணுது."

"அதுக்குத்தாம்மா போடுறேன்."

"தொரத்திருவா."

"வார்த்த போட்டா மட்டும் விட்ருவாளா? இன்னும் ரெண்டு அழுகை சேத்துக் கேப்பா."

"உங்கப்பன மாதிரியே கல்லுடா நீ. அந்தாளாவது குடிச்சாக் கரைஞ்சான்."

விழாவன்று சாயங்காலம் நெஸ்தோர் வாசலில் நின்று விருந்தாளிகளின் கார்களை வாங்கி நிறுத்திக்கொண்டிருந்தான். அடுத்த தெருக்காரன். "மச்சான், ஒரு கார்ல நாய்க்குத் தனி சீட்டு! என் மாமியா இன்னும் தரையிலதான் படுக்குது," என்றான். உள்ளே ஒருவர் ஏழைக் குடியானவன் போர்வையைப் பணக்கார விலைக்கு வாங்கிப் போர்த்தியிருந்தார்.

வென்செ ஆரம்பித்தான். கும்பியா தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல் வந்தது. பிறகு முஷ்டி. தொம், தொம், தொம்.

அன்று வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பேட்டைக்காரர்கள். இலையில் சுற்றிய சோளமாவுத் தமாலே கொண்டுவந்தவள் தட்டைச் சிலை வைக்கும் பீடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சமையல்காரன் அடுப்பை அணைத்தான். ஒயின் ஊற்றியவன் தக்கைத் திருகியோடு மறைந்தான். யாரோ பழக்கதோஷத்தில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள். வென்செயின் பெட்டியும் ஸ்பீக்கரும் பேட்டரியில் ஓடுபவை. அந்தத் தெருவில் கரண்டை நம்பியவன் இல்லை. நெஸ்தோர் எல்லாச் சாவிகளோடும் ஓடிவிட்டான்.

இருட்டில் விருந்தாளிகள் தலையாட்டினார்கள். "என்ன ஒரு உண்மை!" என்றது ஒரு குரல். போர்வைக்காரர் அழுதார். பீடத்திலிருந்த தமாலேயை ஒருவரும் தொடவில்லை. ஒருவர் மட்டும் அது என்ன விலை என்று கேட்டார்.

கார்ச் சாவி இல்லையென்று தெரிந்ததும்தான் நெஸ்தோரைத் தேடி வீடு வீடாகப் போனார்கள். முதலில் மரியாதையாகக் கூப்பிட்டார்கள், அப்புறம் முஷ்டியால் இடித்தார்கள். தெரு முழுக்க இருண்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. கோல்ப் மாடிக்கு வந்து எதுவீஹெஸ் வீட்டுக் கதவை இடித்தாள்.

"வென்செ! சாவி! தயவுசெஞ்சு!"

உள்ளே தரையில் அம்மாவும், இருட்டிலேயே பெட்டியோடு மாடியேறி வந்துவிட்ட மகனும். அம்மா சத்தமில்லாமல் தமாலே தின்றுகொண்டிருந்தாள்.

"இவ அனுப்புன ஆள விட இவ இடி கனமா இருக்கும்மா," என்று காதோரம் சொல்லிவிட்டு வென்செ பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

அதற்கப்புறம் அந்தக் கதவு திறக்கவேயில்லை. வக்கீல் வந்தார், அமீனா வந்தார், பூட்டுத் திறப்பவன்கூட வந்தான். எல்லோரும் முஷ்டியால்தான் இடித்தார்கள். விரல் கணுவால் தட்டிப் பார்க்க அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எதுவீஹெஸ் இன்றும் மாடியில்தான் இருக்கிறாள். அவள் மிளகாய் வறுத்தால் கீழே சுவரில் இருக்கும் ஓவியங்கள் தும்முகின்றன.

கட்டடத்தைத்தான் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் போன வசந்தத்திலிருந்து கார் நிறுத்துகிறார்கள்; சாவி வாங்கி வைப்பவன் நெஸ்தோர்.