டார்கஸ் வீட்டுக்கு வந்த ராஜா

வெல்டா கோழி பொரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டல் முதலாளி சமையற்கட்டுக்கே வந்து, மேயர் க்ரம்ப்லி ஒரு கீழைநாட்டு ராஜாவைச் சாப்பிட அழைத்து வந்திருக்கிறார், கீரையில் பன்றிக்கொழுப்பு பொட்டுகூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜாவை எட்டியாவது பார்க்கலாமே என்று அவள் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். நடு மேசையில் ஊதாப் பட்டுத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தம்பி ஹோசியா.

அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் ஒரு கறுப்பன் அந்த ஓட்டலின் முன்வாசலை மிதித்தால் முழு எலும்போடு திரும்ப மாட்டான். வருஷக்கணக்காக அங்கே சமைக்கிற வெல்டாவே அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறாளே தவிர, ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை.

நடந்ததை அவன் பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டாள். ஹோசியா சிகாகோவில் ஓர் இசைக்குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறவன். மேடையில் அந்தக் குழுவுக்கே தலைப்பாகை வேஷம். பக்கவாதத்தில் கிடக்கிற அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டவன், கறுப்பர் பெட்டியில் கரியும் புழுதியும் தின்றுகொண்டு வர மனசில்லாமல், தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் பெட்டியில் ஏறிவிட்டான். வெளிநாட்டு ஆள் என்று நினைத்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊர் வருமுன் அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொள்வதுதான் எண்ணம். பாதி வழியில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த க்ரம்ப்லி யாரென்று கேட்க, வாய்க்கு வந்தபடி ராஜா என்று சொல்லிவைத்தான். தன் ஊரில் ஒரு ராஜா இறங்கப்போகிறார் என்று தெரிந்தபின் அவர் விடுவாரா? நேரே காரில் ஏற்றி ஓட்டலுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று வெல்டா நடுங்கினாள். அது வீண் பயம். இதே தெருக்களில் ஐஸ் வண்டி தள்ளி வளர்ந்தவன்தான் அவன். அப்போது அவன் முகத்தை யார் நிமிர்ந்து பார்த்தார்கள், இப்போது நினைவு வைத்திருக்க?

பாதிரியார் வந்து கை குலுக்கினார். நீதிபதியின் மனைவி தலைப்பாகைத் துணியை விரலால் தொட்டுப் பார்த்து மெய்மறந்தாள். ஊரில் வேறு என்ன பார்க்க விருப்பம், நீதிமன்றமா, பஞ்சாலையா என்று மேயர் கேட்டார். இந்தக் கோழியைச் சமைத்தவளின் வீட்டைப் பார்க்க வேண்டும், நல்ல சோறு போட்டவளைப் பெற்றவளை வணங்கிவிட்டுப் போவதுதான் எங்கள் நாட்டு முறை என்றான் ஹோசியா. மேயர் ஒரு கணம் விழித்தார். பிறகு அவருக்கே அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

"வாங்க ராஜா, நம்ம கறுப்பருங்க எவ்வளவு நிம்மதியா இருக்காங்கன்னு உங்க கண்ணாலயே பாருங்க."

முன்னால் போய் வீட்டைக் கூட்டி வை என்று வெல்டாவை அனுப்பினார்கள். பருத்திக் காட்டுக் குறுக்குப் பாதையில் ஓடிப்போய், மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா டார்கஸ் கோணிய வாயோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ராஜா ஆயிட்டானா? சரி. கன்னம் ஒட்டியிருக்கா, அதச் சொல்லு."

"மேயரும் வராரும்மா. நீ அழுதுட்டீன்னா அவன் உசுரு போயிரும்."

"நான் ஏன் அழுறேன்? என்னைத் தூக்கி மேசைக்கிட்ட உக்கார வை."

மேயர் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார். ராஜா வாசலிலேயே காலணியைத் துடைத்துக்கொண்டு, தலை குனிந்து நுழைந்தார்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?"

மேயருக்கு அது கீழைநாட்டு மரியாதையாகப் பட்டது. அதிலும் ஒரு கறுப்பிக்கு இவ்வளவு மரியாதை கொஞ்சம் அதிகம்தான்.

"ஏதோ இருக்கேன் ராஜா" என்றாள் டார்கஸ். "உங்களப் பெத்தவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. போய்ப் பாத்துத்தான் ரொம்ப நாளாச்சு."

"பாவம், வாசலையே பாத்துக்கிட்டுக் கிடப்பாங்க. ஒரு ராஜாவால கடுதாசியாவது போட முடியாதா?"

மேயர் சங்கடத்தோடு சிரித்தார். இவங்களுக்குக் குழந்தை மனசு, பெரியவங்களிடம் பேசத் தெரியாது, மன்னிக்கணும் என்றார். ராஜா குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டா காலையில் சமைத்து வைத்த சோள ரொட்டியும் கீரையும் மேசைக்கு வந்தன. அதில் பன்றி கிடக்கும் என்று மேயர் பதறினார். தாய் வீட்டுச் சாப்பாட்டில் எங்கள் சாமி குற்றம் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு ஹோசியா கரண்டியை எடுத்தான். பிறகு மேயரையும் உட்காரச் சொன்னான். சாப்பிடுகிற வீட்டில் ஒருவர் நின்றுகொண்டிருப்பது அவன் நாட்டில் பெரிய அவமானமாம். மேயர் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வெல்டா கதவைச் சாத்தினாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டார்கஸுக்கு எதிரே உட்கார்ந்து, க்ரம்ப்லி சாப்பிட்டார். கீரை இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது டார்கஸ் விளங்குகிற ஒரு கையால் ஹோசியாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. ரயிலுக்கு நேரமாயிற்று என்று மேயர்தான் அந்த விரல்களைப் பிரித்துவிட்டார். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஹோசியா வழியெல்லாம் நினைத்தானாம். வேஷம் வெளிப்பட்டால் அம்மாவின் வீட்டையே கொளுத்துவார்கள். போய்விட்டான்.

உலகத்திலேயே கறுப்பர்களை இவ்வளவு நன்றாக வைத்திருக்கிற ஊரைப் பார்த்ததில்லை என்று ராஜா சொன்னதாக மேயர் மாதக்கணக்கில் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். டார்கஸின் மேசையில் உட்கார்ந்ததை மட்டும் விட்டுவிட்டார்.

பஞ்சு எடுக்கிற காலத்தில் டார்கஸ் இறந்துபோனாள். தந்தி கண்டு ஹோசியா வந்தான், இந்தத் தடவை வெறுந்தலையோடு, கறுப்பர் பெட்டியில். அழைத்துப்போக வந்த வெல்டா அவனை நெருங்குவதற்குள், அதே ரயிலில் இறங்கிய க்ரம்ப்லி அவனைப் பார்த்துவிட்டார்.

"டேய், இங்க வா. இந்தப் பெட்டியக் கார்ல கொண்டுபோய் வை."

ஹோசியா அவர் முகத்தை நேராகப் பார்த்தான். மேயரும் அவனைப் பார்த்தார்.

"என்னடா மொறைக்கிற? வெளியூரா? இங்க அப்படியெல்லாம் பாக்கக் கூடாது" என்றார் மேயர்.

அவன் பெட்டியைக் கொண்டுபோய்க் காரில் வைத்தான். மேயர் வெல்டாவைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் உண்மையிலேயே வருத்தப்படுவது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"உங்கம்மா போயிட்டாளாமே. நல்ல பொம்பள. அந்த ராஜாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு."

"வருத்தமாத்தான் இருக்காரு தொரை" என்றாள் வெல்டா.

கார் போனது. இருவரும் மண் பாதையில் நடந்தார்கள். பருத்திக் காட்டைத் தாண்டும்போது வெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஹோசியாவும் சிரிக்கத் தொடங்கி, சிரித்துக்கொண்டே வந்தவன் பாதையோரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் பக்கத்தில் நின்று அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. சபை ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள்.