ஊமைப்படத்தைப் பற்றிய படம்

எனக்குக் காது கேட்காது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதிப் பேச்சுக்குப் பிறகு எதிரில் இருப்பவருக்குக் கோபம் வரும், அதையும் நான்தான் சமாளிக்க வேண்டும். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். உமா மகேஸ்வரி டீச்சர் என்றால் பழைய பிள்ளைகள் இன்னும் எழுந்து நிற்பார்கள். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வலது காது போனது. ஓய்வு பெற்ற கையோடு இடதும் போனது. மிஷின் வைத்துப் பார்த்தேன். மனிதர்கள் பேசுவது விளங்கவில்லை, பாத்திரம் உருளுவது மட்டும் பிரமாதமாகக் கேட்டது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் வல்லிநாயகம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். அவருடைய உதட்டசைவு மட்டும் எனக்குத் தெளிவாகப் புரியும். இத்தனை வருஷத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஐந்தாறு விஷயங்கள்தான் என்பது அதற்கு ஒரு காரணம். மற்றவர்கள் பேசினால் போனை நீட்டுவேன், பேசுவதை அது எழுத்தாகப் போடும். அந்தப் போனுக்குச் செய்தி வாசிக்கிற தமிழ் தெரியும், திருநெல்வேலித் தமிழ் தெரியாது. எதிர்வீட்டு வடிவம்மாள் ‘ஆச்சி வருதாக’ என்று சொன்னால் ‘ஆட்சி வருத்தமாக’ என்று எழுதும். ஒரு முறை நான் தேர்தல் முடிவு வந்துவிட்டது என்று நினைத்து டிவியைப் போட்டேன்.

டிவி எனக்கு ஆகாது. சீரியலில் எல்லோரும் அழுகிறார்கள், எதற்கு என்று தெரியாது. கேட்கிறவர்களுக்கும் தெரியாது என்று வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். இந்த நிலைமையில்தான் பெங்களூரில் இருக்கிற மகள் நிவேதா ஒரு டிஸ்க் ப்ளேயரும், அதோடு நாலைந்து ஊமைப்பட டிஸ்க்குகளும் வாங்கி அனுப்பினாள். நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரப் படங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு வேலை இல்லாததால் போட்டுப் பார்த்தோம்.

படத்தில் யாரும் பேசவில்லை. பேசியதை நடுநடுவே இங்கிலீஷ் எழுத்தில் காட்டினார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்த இங்கிலீஷ் லாட்ஜ் இங்கிலீஷ்: அட்வான்ஸ், ஹாட் வாட்டர், செக் அவுட். எழுத்து வந்ததும் என் தோளைத் தட்டினார்.

“என்னட்டி போட்டிருக்கான்?”

சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டினார். மறுபடி சொன்னேன். மறைப்பானேன், எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஒரே அறையில் ஒரே படத்தை இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்தோம். ‘பிறகு சொல்கிறேன்’ என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சரியாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டோம். எல்ஸி மார்வுட் என்று ஒரு நடிகை. கண் இரண்டும் முட்டை முட்டையாக இருக்கும். பேசும் படம் வந்ததும் காணாமல் போய்விட்டாள் என்று டிஸ்க் உறையின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. எங்கே போனாள், என்ன ஆனாள் என்று ஒரு வரி இல்லை. இரண்டு பேருக்கும் மண்டை குடைந்தது. வீட்டுக்காரர் லாட்ஜுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் எல்லாம் விசாரித்தார். அவர்கள் அருவிக்கு வழி கேட்டார்கள்.

அப்போதுதான் லண்டனில் ஒரு சின்ன கம்பெனி அறிவிப்பு வெளியிட்டது. எல்ஸியின் கடைசிப் படத்தைச் சுத்தம் செய்து டிஸ்க்காகப் போடுகிறார்களாம், கூடவே அவளைப் பற்றி ஒன்றரை மணி நேர டாக்குமென்டரியும் உண்டாம். அன்றைக்கே என் பெயரில் ஆர்டர் போட்டேன்.

வசந்த காலத்தில் வரும் என்றார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு காலம் கிடையாது. வெயில் முடிந்து சாரல் பிடித்த பிறகு மெயில் வந்தது: ஒரு ரீல் புதிதாகக் கிடைத்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும். பொறுத்துக்கொண்டோம். சீசன் முடிந்து லாட்ஜில் மெத்தைகளை எல்லாம் வெயிலில் காயப்போட்ட சமயத்தில் அடுத்த மெயில் வந்தது: படத்துக்குப் புதிதாக இசை அமைக்கிறோம், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, தாமதத்துக்கு வருந்துகிறோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. நான் கேட்கவே போகாத பிடிலுக்காக எத்தனை மாதம் காத்திருப்பது? இசை இல்லாமல் ஒரு பிரதி அனுப்பினால் போதும், விலையைக் குறைக்க வேண்டியதில்லை என்று எழுதினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

“வயலின்காரனுக்குக் காய்ச்சலா இருக்கும்” என்றார் வீட்டுக்காரர்.

“ஆர்க்கெஸ்ட்ரா முழுசுக்குமா?”

“ஒட்டுவாரொட்டியா இருக்கும்.”

அடுத்த சாரலில் டிஸ்க் கப்பலேறியது, அல்லது விமானமேறியது. தென்காசி வரைக்கும் வந்தும்விட்டது. கூரியர்காரர் என் நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். நான் எடுக்கவில்லை. ‘வாடிக்கையாளர் பதில் சொல்லவில்லை’ என்று எழுதித் திருப்பி எடுத்துப் போய்விட்டார். வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தோம். மறுநாள் லாட்ஜில் தங்கியிருந்த ஒருவருடைய தாயார் மெயினருவிக் கூட்டத்தில் தொலைந்துவிட, இவர் தேடப் போயிருந்தார். அங்கே அருவிக்கு முன்னால் எல்லோரும் என்னை மாதிரிதான், கையை ஆட்டித்தான் பேச வேண்டும். போன் அடித்தது இவருக்குக் கேட்கவில்லை. மறுபடி ‘பதில் சொல்லவில்லை’. அந்தத் தாயார் பஜ்ஜிக் கடையில் கிடைத்துவிட்டார்.

நானே கூரியர் ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் சட்டையில் ஜெஸ்வின் என்று பெயர் குத்தியிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். போனை நீட்டினேன். ‘ஆட்சிக்கு ஆதாரம் இருக்கா’ என்று எழுதியது. ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பார்சலைத் தூக்கி வைத்தார். என் அறிவாற்றலை நானே மெச்சிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

அந்த ஞாயிறு மழையாக இருந்தது. வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டார், சீசனில் அவர் லீவு போடுவது அபூர்வம். முதலில் படத்தைப் பார்த்தோம். நன்றாக இருந்தது. இசையும் நன்றாக இருந்ததாக அவர் சொன்னார். சாப்பிட்டுவிட்டு டாக்குமென்டரியைப் போட்டோம்.

ஒரு கிழவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடவே இல்லை.

அவருக்குப் பிறகு தாடி வைத்த ஒருவர் பேசினார். அதற்குப் பிறகு கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். எழுத்து எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மெனுவில் போய்த் தேடினேன். ‘சப்டைட்டில்’ என்ற சொல்லே இல்லை. போனை நீட்டினேன், வெள்ளைக்கார இங்கிலீஷைத் தமிழ் என்று நினைத்து அது ஏதேதோ எழுதியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைலன்ட் ஃபிலிம் டாக்குமென்டரி. சைலன்ட் என்பது ஃபிலிமுக்குத்தான் அடைமொழி, டாக்குமென்டரிக்கு இல்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு அடைமொழி என்று முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவள் நான். ஊமைப்படத்தைப் பற்றிய படமும் ஊமையாகத்தான் இருக்கும் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். கிழவர் சிரித்த இடத்தில் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுதான்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல.”

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. கல்யாண வீட்டில் பந்தி முழுவதும் சிரிக்கும், என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில் டாக்டர் கால் மணி நேரம் பேசுவார், என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல. என்னைச் சுற்றி நடக்கிறதெல்லாம் ஒன்றுமில்லாததாகவே இருந்து தொலைக்கிறது. இந்த ஒரு டிவிக்கு முன்னால்தான் அந்தப் பேச்சு இல்லாமல் இருந்தது. இங்கேயும் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ரிமோட்டை எடுத்து அமுக்கினார். டிவியின் மூலையில் ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக்கோடு விழுந்தது.

“இனி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்” என்றார்.

“நீங்களும் செவிடா உக்காந்து எனக்கு என்ன ஆகப் போகுது? சத்தத்த வைங்க. கேட்டுச் சொல்லுங்க.”

“எனக்கு அர்த்தம் வெளங்காதேட்டி.”

“அர்த்தத்த உங்ககிட்ட யாரு கேட்டா? சத்தத்தச் சொல்லுங்க. அர்த்தம் எங்கிட்ட இருக்கு.”

அப்படி ஆரம்பித்தோம். ஒரு வாக்கியம் ஓடும், நிறுத்துவார். என் பக்கம் திரும்பி, காதில் விழுந்ததை அப்படியே உதட்டில் வைத்துக் காட்டுவார். பாதி விளங்கும், பாதிக்கு மறுபடி ஓட்ட வேண்டும். ‘லாஸ்ட் ரீல்’ என்றார். கடைசி ரீலா, தொலைந்த ரீலா என்று நாலு தடவை ஓட்டினோம். தொலைந்துதான். “நாக்கைப் பல்லுக்கு நடுவுல வைங்க, ‘டட்’ இல்ல, ‘தட்’” என்று அதட்டினேன். பழைய பிள்ளைகள் மாதிரி அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளங்கியதும் தமிழில் சொல்வேன், அவர் “அப்படியா விஷயம்” என்பார். அந்த மத்தியானம் முழுவதற்கும் இருபது நிமிஷப் படம்தான் நகர்ந்தது.

அடுத்து எல்ஸியின் மகள் வந்தார். தொண்ணூறு வயது இருக்கும். மெதுவாகப் பேசினார். வீட்டுக்காரர் நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு சொல்லாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“வென் தி டாக்கீஸ் கேம். தே ஸ்டாப்ட். டெல்லிங் ஹெர். எனிதிங். ஷி வாஸ் ரைட் தேர். இன் தி ரூம்.”

ஒரு தடவையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு சொல்லில்கூடப் பிழை இல்லை. தமிழில் சொல்ல வேண்டியதை மறந்து அந்த அம்மாளையே பார்த்தேன்.

“தப்பாச் சொல்லிட்டனா?”

“இல்ல. சரியாத்தான் சொன்னீங்க.”

“அப்ப என்ன சொல்லுதாக அந்த அம்மா?”

“பேசுற படம் வந்ததுக்கப்புறம் எங்கம்மாகிட்ட யாரும் எதையும் சொல்லுறத விட்டுட்டாங்க. அவ அதே ரூம்லதான் இருந்தா. அதான் சொல்லுதா.”

அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தார். அதில் அந்த அம்மாள் வாயை அரைகுறையாகத் திறந்தபடி நின்றிருந்தார். ஓட்டுவார் என்று பார்த்தேன். ஓட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“முந்தாநாளு புளியங்குடிலருந்து உலகம்மாக்கா போன் பண்ணினாள்லா.”

“ஆமா. என்னன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னீங்க.”

“அவ வீட்டு மிக்சி ஓடலையாம்.”

பெரிய ஜாரா, சின்ன ஜாரா என்று கேட்டேன். பெரிய ஜாராம். இட்லிக்கு உளுந்து போட்டு ஆட்டும்போது பாதியிலேயே நின்றுவிட்டதாம். கடைக்காரர் என்ன சொன்னாராம் என்று கேட்டேன். அதையும் சொன்னார்.