சோடியம் விளக்கை அணைத்தவள்

மின்வெட்டுக்கு அன்று காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லூரியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர்தான் மின்வெட்டு. எரிகிற விளக்கு எங்கே கண்ணில் பட்டாலும் அவள் கை தானாகப் போய் அணைத்துவிடும். இன்றைக்கு அவள் வானிலை மையத்தின் இயக்குநர். புயல் வருமா, வராதா என்று நாடே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்டவள், படித்த கல்லூரியே கூப்பிட்டுப் பாராட்டுகிற நாளில் பேச்சு எழுதிய தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

பின்னே? அழைப்பிதழில் அடுத்த பெயர் சோடாபுட்டியுடையது ஆயிற்றே! தடித்த கண்ணாடிக்காரன், இயற்பியல் லேபில் மூன்று வருடம் பக்கத்து மேசைக்காரன். இப்போது தொலைநோக்கிகளுக்கு லென்ஸ் வடிவமைப்பதில் பெரிய புள்ளி. இன்றும் வானம் கறுத்தால் முதல் போன் அவனுடையதுதான். "அம்மா தாயே, குடை எடுக்கணுமா, வேண்டாமா?" என்பான்.

கடைசி பிராக்டிகல் தேர்வில் தன் வேலையை முடித்து எழுந்தவள், போகிற போக்கில் அவன் சோதனைக்கு எரியவிட்டிருந்த சோடியம் விளக்கையும் அணைத்துவிட்டாள். பாவம், அவன் இன்னொரு தாள் வாங்கத்தான் போயிருந்தான். அந்த விளக்கு மறுபடி முழு வெளிச்சத்துக்கு வரப் பத்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டு ரீடிங் போச்சு. அதோடு தங்கப் பதக்கமும் போச்சு. பதக்கம் யாருக்கு? இவளுக்கேதான்! இருபத்திரண்டு வருடமாக இதை அவனிடம் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லித் தொலையேன். தலையையா வாங்கிடப் போறாரு?" என்றார் கணவர்.

"பேசுறதையே நிறுத்திட்டான்னா? எனக்கு இருக்கிறது அந்த ஒரு சிநேகிதன்தாங்க."

மேடையில் அவளை முதலில் பேச அழைத்தார்கள். எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், கைப்பையில் கொண்டுவந்திருந்த பதக்கத்தை எடுத்து மைக் மேசை மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சோடாபுட்டி எழுந்துபோய் மைக்கைப் பிடித்தான்.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும். அந்த லேப்ல வேற யாரு விளக்கை அணைப்பாங்க? சொல்லியிருந்தா இவளைத் தேர்விலிருந்தே வெளிய அனுப்பியிருப்பாங்க. பதக்கம் எனக்குக் கிடைச்சிருக்கும், சரி. இப்படி ஒரு பக்கத்து மேசைக்கு நான் எங்க போறது?"

அவள் மெல்ல நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவனோ தன் பேச்சுத்தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, எழுத்துத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தாள். அடக் கடவுளே, பேசி முடித்த கையோடு மைக் மேசை விளக்கை அணைத்துவிட்டு வந்திருக்கிறாள்!

"ஏய் மின்வெட்டு, விளக்கைப் போடு. நான் இன்னும் ரீடிங் எடுக்கலை!"

அரங்கமே சிரித்தது. அவள் ஓடிப்போய் விளக்கைப் போட்டாள். அவன் கடைசி வரி வாசித்து முடிக்கும்வரை, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அதன் பக்கத்திலேயே நின்றாள்.