பின்விளிம்பு

“புத்தகத்துல அப்படியா இருக்கு?”

“இல்ல மேடம். அக்காதான் பின்விளிம்ப அரை விரல் குறைக்கச் சொன்னாங்க.”

“எந்த அக்கா?”

எந்த அக்கா என்று விரிவுரையாளருக்கு நன்றாகவே தெரியும். ஒரு மாதமாக அவளுடைய வகுப்பில் அந்த ஒரு சொல்தான் ஈ மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. செயற்கைக் கால் செய்யும் படிப்பில், மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பட்டறையில் வேலை செய்தே கற்க வேண்டும் என்று பதினொரு கூட்டங்களில் தொண்டை வற்றப் பேசியவள் அவள்தான். விரும்பினால் கடைசிப் பருவம் முழுவதையும் பட்டறையிலேயே கழிக்கலாம், விரிவுரையாளர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற விதியையும் அவளே எழுதிச் சேர்த்தாள். அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்று மதிப்பெண் போட வந்த இடத்தில், அழையா விருந்தாளியாக முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, பட்டறையில் கால் செய்யும் அந்த அக்கா, முழங்கை வரை பிளாஸ்டர் மாவு பூசி நிற்கிறாள். மாணவி பேசிக்கொண்டே அக்காவின் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, மிச்சக் காலைச் செருகும் செயற்கைக் கால் கூட்டின் விளிம்பில், குறைத்த இடத்தைக் கோடு போட்டுக் காட்டி, மறுபடி கொண்டையில் செருகினாள். கேட்கக்கூட இல்லை. விரிவுரையாளருக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாக மூன்றாவது பெஞ்சில் வாயே திறக்காமல் இருந்த பெண் இவள்தானா?

“பின்விளிம்பு இவ்வளவு தாழ்ந்தா பிடிப்பு போயிடும்.”

“போகாது மேடம். போனா என் தலையில குட்டுங்க,” என்றாள் அக்கா. “பென்சில் குத்தும், பாத்து.”

மாணவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரரான தபால்காரர் வந்தார். மாட்டிக்கொண்டு, நடைபழகும் கம்பிகளுக்கு நடுவே இரண்டு முறை நடந்தார். ஒரு தடுமாற்றம், ஒரே ஒரு தடுமாற்றம் போதும் என்று விரிவுரையாளரின் மனம் கேட்டது. கேட்ட மனத்தின் மேல் அவளுக்கே கூச்சமாக இருந்தது. தபால்காரர் தடுமாறவில்லை. மூலையில் ஸ்டாண்டு போட்டிருந்த சைக்கிளில் ஏறி மிதித்தார். முழங்கால் தாராளமாக மடங்கியது. பின்சக்கரம் விர்ரென்று சுற்றியது.

“புத்தக அளவுல விட்டிருந்தா மடக்குறப்ப முழங்காலுக்குப் பின்னால வெட்டியிருக்கும் மேடம்,” என்றாள் மாணவி, மெதுவாக.

எடை, நீளம், சுற்றளவு எல்லாவற்றுக்கும் இடம் விட்டு அளவுத் தாளைத் தயாரித்தவள் விரிவுரையாளர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க அதில் ஒரு வரி இல்லை.

“உங்க டீச்சர் கெட்டிக்காரங்கம்மா,” என்றார் தபால்காரர் மாணவியிடம், அக்காவைப் பார்த்துக்கொண்டே. யாரும் அவரைத் திருத்தவில்லை.

அவர் இறங்கிப் போன பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மாணவி கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் நீவி விட்டாள். விதியில் தான் எழுதிய வாக்கியங்களை விரிவுரையாளர் தலைகீழாகவே அடையாளம் கண்டுகொண்டாள். அக்கா மேஜையருகிலேயே குனிந்து, சுத்தமாக இருந்த வாளியைக் கழுவத் தொடங்கினாள்.

“கடைசி செமஸ்டர் நான் இங்கயே இருந்துக்கிறேன் மேடம். நீங்க ஒரு கையெழுத்து...”

மாணவியின் கை பழக்கத்தில் அக்காவின் கொண்டைக்குப் போய் பென்சிலோடு திரும்பியது. நீட்டிய பிறகுதான் கையெழுத்துக்குப் பென்சில் ஆகாதென்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். விரிவுரையாளரின் விரல்கள் கைப்பைக்குள், பேனா மூடியின் மேல் இருந்தன.

“மேடம், உங்ககிட்ட பேனா இருக்கா?”