கோழிகளுக்கு நோவு என்று சொன்னேன்

கோழிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு என் மனைவி தெய்வாத்தாள் ஆனி மாதம் பெங்களூருக்குப் பஸ் ஏறினாள். மகள் லோகப்பிரியா வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்துவிட்டது, கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. தீபாவளிக்குள் வந்துவிடுவேன் என்றாள். தீபாவளியும் போனது.

எனக்கு அலுத்துவிட்டது. ரசம் வைப்பதும் அதையே மூன்று வேளை ஊற்றிக்கொள்வதும் அலுத்துவிட்டது. சூலூரில் தறிகளை விற்ற பிறகு இந்த வீட்டில் பேச்சுத்துணை என்று இருந்தவள் அவள் ஒருத்திதான். இப்போது இருப்பது ஏழு பெட்டைகளும் ஒரு சேவலும். பசித்தால்தான் அவற்றுக்கு என் முகம் ஞாபகம் வரும்.

கார்த்திகை பிறந்ததும் கோழிகளுக்கு என்னவோ ஆனது. ஒரு காலையில் கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் தரை தெரியாமல் இறகு கிடந்தது. கருங்கோழிக்குக் கழுத்து மொட்டை. சேவலுக்கு வால் போன இடமே தெரியவில்லை. வாலோடு வீறாப்பும் போய், கூவாமல் முருங்கை மரத்தடியில் ஒடுங்கி நின்றது. கொண்டைகள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. முட்டை அடியோடு நின்றது. கோழிகளைக் கையில் எடுத்தால் வலி தாங்காமல் கத்தின.

முப்பது வருடம் தறிச் சத்தத்திலேயே கிடந்தவனுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும்? பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கனகத்தைக் கூப்பிட்டேன். அவளும் பத்துக் கோழி வளர்ப்பவள். கருங்கோழியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“நோவெல்லாம் இல்லீங்ணா. கழிச்சல் நோவு வந்தா இப்புடித் தீனி எடுக்குமா? வருசா வருசம் பழைய றெக்கையக் கொட்டிப்போட்டுப் புதுசு போடும். பாருங்க, முள்ளு முள்ளா மொளைக்குது. அதுவரைக்கும் முட்டை வெக்காது. கருவாட்டுத் தூள் கலந்து வெய்யுங்க, செரியாப் போயிரும்.”

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலை தெய்வாத்தாள் போனில், “கோழிக எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டபோது என் வாயில் வேறொன்று வந்தது.

“நோவு தெய்வா. எல்லாத்துக்கும். றெக்கையெல்லாங் கொட்டுது. நீ வந்து பாத்தாத்தான் ஆகும்.”

கோழி என்றால் அவள் உயிரை விடுவாள், ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு முடியவில்லை, வா என்று கேட்க நாக்கு எழவில்லை. கோழிக்கு முடியவில்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் கருங்கோழியைப் படம் பிடித்து அனுப்பினேன். அதன் முதுகில் புது இறகு பளபளவென்று வர ஆரம்பித்திருந்தது. அந்தப் பக்கம் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன். இந்தக் கவனத்தைத் தறியில் காட்டியிருந்தால் இன்னும் நாலு தறி போட்டிருப்பேன்.

ஒரு வாரம் இப்படி ஓடிய பிறகு அவள் வீடியோவில் வந்தாள். தோளில் குழந்தை.

“யோசிச்சுப் பாத்தேனுங்க. இனிக் கோழியே வேண்டாம். செத்ததைப் பொதச்சுப்போடுங்க, தேறுனதைக் கனகத்துக்கே குடுத்துப்போடுங்க. அதுக இல்லீன்னா நானும் அவசரமா வர வேண்டியதில்லை. சித்திரை வரைக்கும் இங்கயே இருந்துபோட்டு வாரேன்.”

சித்திரைக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது!

“நோவு இல்லை தெய்வா,” என்று உளறிவிட்டேன். “சும்மா றெக்கைதான் கொட்டுது. பொய் சொல்லிப்போட்டேன். என்னால ஒண்டியா இருக்க முடியலை. அதுக்குத்தான்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை.

“படத்தைப் பாத்த அன்னைக்கே தெரியுமுங்க. வருசா வருசம் பாக்கறவளுக்குத் தெரியாதா? உங்க வாயில இருந்து வரட்டும்னுதான் கோழி வேண்டாம்னு சொன்னேன்.”

“அப்ப வாரியா?”

“பச்சக் கொழந்தைய விட்டுப்போட்டு எப்படிங்க வாரது? நீங்கதான் இங்க வாங்களேன்.”

“நான் வந்துபோட்டா கோழியை யாரு பாக்கறது?”

யோசிக்காமல் வந்துவிட்டது. அவள் குழந்தையைத் தோள் மாற்றினாள். மாற்றும்போது முகம் சுளித்ததைப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் இந்தச் சின்னத் திரையில் அவளைப் பார்த்துத்தான் பேசினேன், இது எதுவும் என் கண்ணில் படவில்லை.

“ராத்திரி முச்சூடும் இவன் தோள்லதானுங்க. பகல்ல சமையலு, துணி. கை வீங்கிக் கெடக்குது. பிரியாவும் பாவம், லேப்டாப்பை விட்டு எந்திரிக்க முடியறதில்லை. என்னைய யாருங்க பாக்கறது?”

குறையாகச் சொல்லவில்லை, கேட்டாள். அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

எனக்கு மட்டும்தான் முடியவில்லை என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்ததில் வெட்கமாக இருந்தது. எழுந்து இரண்டு வேட்டியையும் சட்டைகளையும் பையில் திணித்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியைக் கனகத்திடம் நீட்டினேன்.

“கோழிகளைச் சித்தே பாத்துக்கம்மா. நான் பெங்களூர் போறேன்.”

“எப்பங்ணா திரும்ப வருவீங்க?”

“அவ ஒரு ராத்திரி முழுசாத் தூங்கட்டும் கனகம். அப்பறம் சொல்றேன்.”